மரபியலின் உயிர்ப் பாகுபாடும் முதுகெலும்பிகளின் பரிணாமமும்: ஒரு மறுநோக்கு

தொல்காப்பிய மரபியலின் அறிவுநிலைப் பாகுபாட்டைப் பரிணாமக் கொள்கையின் முன்னோடியாகக் காட்டும் போக்கு தமிழாய்வில் பரவலாகக் காணப்படுகிறது. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்கள் ஏறுநிரலில் அமைந்திருப்பதே அதற்குச் சான்றாகத் தரப்படுகிறது. ஒப்பீட்டு உடற்கூறியலின் துணைகொண்டு நோக்கின் இக்கூற்று நிலைபெறுவதில்லை.

1859இல் டார்வின் முன்வைத்தது ஏணி அன்று. கிளைத்து விரியும் மரம். எவ்வுயிர் உயர்ந்தது என்பதன்று, எவை பொது மூதாதையைப் பகிர்கின்றன என்பதே அதன் வினா. மனிதக் கை, திமிங்கிலத் துடுப்பு, வௌவால் இறக்கை ஆகிய மூன்றிலும் ஒரே எலும்பு நிரல் அமைந்திருத்தல் அவ்வினாவிற்கு விடையாகிறது. மரபியலோ புலன்களை எண்ணுகிறது. தும்பி, எறும்பு, சிதல் மூன்றும் பூச்சிகளே. எனினும் தும்பி நண்டோடு நான்கறிவிலும், ஏனைய இரண்டும் மூவறிவிலும் வைக்கப்படுகின்றன.

திண்டுக்கல் வட்டாரத்துச் சான்று ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. அறிவுநிலை ஏணியில் தேவாங்கும் ஆவும் ஒரே ஐயறிவுப் படியில் நிற்கும். சீப்புப் போன்ற கீழ் முன்பற்களையும், காலின் இரண்டாம் விரலில் மட்டும் உள்ள கூருகிரையும் நோக்கும் உடற்கூறியலோ, தேவாங்கை மடகாஸ்கரின் லெமூர்களுக்கு உறவாகக் காண்கிறது. இவ்வுறவைக் கேட்கும் வினாவே ஏணியில் இல்லை.

மரபியலில் உண்மையில் வியக்கத்தக்கது இளமைப்பெயர்ப் பகுதி. பறப்பவற்றிற்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை அது தவழ்பவற்றிற்கும் உரிமையாக்குகிறது. ஐங்குறுநூற்றில் முதலையின் குஞ்சும் பார்ப்பே. மண்டையோடு கழுத்தோடு பொருந்தும் ஒற்றை எலும்பு முண்டு முதலிய ஒப்புமைகளால் பறவைகளையும் ஊர்வனவற்றையும் ஹக்ஸ்லி ஒரு தொகுதியாக்கியது 1860களில்தான். இவ்விரண்டையும் இணைத்து முன்னோடி வாதத்தைப் புதுப்பிக்கத் தோன்றலாம். ஆனால் அதே மரபியல் மரத்தில் வாழும் குரங்கின் இளமைக்கும் பார்ப்பு என்பதை உடன்படுகிறது. பெயர் ஒன்றானமைக்குக் காரணம் எதையும் அது கூறவில்லை. ஆகவே இது வழக்கின் பதிவேயன்றி உடற்கூற்று முடிபு ஆகாது.

இம்முடிபு மரபியலின் பெருமையைக் குறைப்பதன்று. உயிர்களை உற்றுநோக்கிய ஒரு சமூகம் அவற்றிற்கு இட்ட பெயர்களைத் தொகுத்து இலக்கணமாக்கியது அந்நூல். டார்வினின் நிழலில் நிறுத்தும்போது அத்தொகுப்பே ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் ஒருங்கிருந்து ஆராய வேண்டியது அப்பெயர்த் தொகுப்பையே ஆகும்.