வம்சாவளியும் ஒரு கதைதான்

சீன தேசத்தில் குலப்பெயர் முதலில் வரும்; ஆளின் பெயர் பிறகுதான். சுங் வம்சத் தொடக்க காலத்தில் குழந்தைகளுக்காகத் தொகுத்த 'நூறு குலப்பெயர்கள்' என்ற பாடநூல், அன்று சிங்காதனத்தில் இருந்த சாவோ குலத்தை வைத்துத்தான் ஆரம்பமாகிறது. ஏடு எழுதியவனுக்கு அரசன் யாரென்று நன்றாகத் தெரிந்திருந்தது!

நம் பாளையப்பட்டு வம்சாவளிகளை வாசிக்கும்போதும் இதே எண்ணந்தான் எழுகிறது. கர்னல் காலின் மெக்கன்ஸி சேகரித்த சுவடிகளில் இவை ஏராளம். 1821-ல் அவர் காலமான பின் கும்பெனியார் அச்சேகரத்தை 10,000 பவுனுக்கு வாங்கினார்கள். ஒரு பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

இரண்டு மூன்றைப் படித்தால் போதும். நான்காவதை நாமே சொல்லிவிடலாம். மூதாதை ஒருவர் வேற்றூரிலிருந்து வருவார். ராஜசமுகத்தில் வீரச்செயல் ஒன்று புரிவார். பட்டமும் பல்லக்கும் நிலமும் பெறுவார். பிறகு மகன், அவன் மகன், ஆண்ட வருஷக் கணக்கு. இதையெல்லாம் வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் தள்ளமாட்டேன். பாளையம் கைவிட்டுப் போகும் நேரத்தில், கும்பெனி அதிகாரியின் முன் தன் உரிமையை நிலைநாட்ட வேண்டியவன் எழுதுவித்த கதை அல்லவா அது? அதன் பொய்யிலும் ஒரு மனிதனின் பயம் மெய்யாக இருக்கிறது.

ஆனால், கதை என்று ஒப்புக்கொண்டால் கதையின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். தோல்வி அதில் தலைகாட்டுவது அருமை. பெண்ணின் பெயர் அதைவிட அருமை. கன்பூசியஸின் கோங் குலத்தார் 80 தலைமுறைக்கு மேல் கணக்கு வைத்திருக்கிறார்கள். 20 லட்சம் பேருக்கு மேல் கொண்ட அவர்களுடைய குலப்பதிவில், பெண் மக்களுக்கு இடம் கிடைத்தது 2009-ஆம் வருஷப் பதிப்பில்தான்!

சங்கரன்கோவில் வட்டாரம் வேறு விதமாகக் கதை சொல்கிறது. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் 1755-ல் கர்னல் ஹெரானை எதிர்த்து நின்றார். 1761-ல் யூசுப்கானிடம் கோட்டையை இழந்தார். கைதியாகச் சென்றவர் சங்கரநாராயணர் கோயிலுக்குள் புகுந்து சோதியில் மறைந்தார் என்று ஊர் சொல்கிறது. இதுவும் கதைதான். ஆயினும் எந்த அதிகாரியிடமும் எதையும் கேட்காத கதை. தோற்றவனைத் தூக்கி வைத்துக்கொண்ட கதை. ஆகவே, இலக்கியம் என்று பார்த்தால் இதற்கே என் ஓட்டு.

குலப்பெயர் இல்லாத நாம் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இட்டு வந்தோம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான். அந்த வழக்கமும் இப்போது தேய்கிறது. வாசகர்களே, வம்சாவளி எழுதும் ஆசை உங்களுக்கு வந்தால் பட்டத்தையும் பல்லக்கையும் தேடாதீர்கள். கடன்பட்டு ஊரைவிட்டுப் போன சித்தப்பாவை எழுதுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் பாட்டியைப் பெற்றவளின் பெயரை விசாரித்து எழுதுங்கள்.