அடிப்படையும் மேலதிகமும்: விளையாட்டுச் சந்தை விவாதமும் ஊவாத் தோட்டச் சம்பளமும்

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்படும் விளையாட்டுகளைப் பற்றி ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றிலே எழுதுவது நம்மவர் சிலருக்கு முகச்சுளிப்பை ஏற்படுத்தக்கூடும். திரைப்படத்தைத் திறனாய்வாளர் முதன்முதல் கையிலெடுத்தபோதும் இதே முகச்சுளிப்பு எழுந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் லயங்களிலே வளரும் இளைஞர்கள் இன்று சிறுகதைக்குக் கொடுக்கும் பொழுது எவ்வளவு, கைத்தொலைபேசிக் கிரிக்கெட்டுக்குக் கொடுக்கும் பொழுது எவ்வளவு என்று கேட்டால் விடை நமக்கு உவப்பாக இராது. மக்களின் ஓய்வுப்பொழுதை ஆட்கொண்ட ஒன்றைத் திறனாய்வின் எல்லைக்குப் புறத்தே நிறுத்துவது, மக்களையே புறத்தே நிறுத்துவதாகும்.

இவ்விளையாட்டுகளை ஆடுவோரிடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரு விவாதம் நடந்துவருகின்றது. விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்திற்குள் மேலும் சில வசதிகளைப் பெறத் தனிக் கட்டணம் அறவிடுவது நியாயமா என்பதே அது. 2006ஆம் ஆண்டிலே 'ஒப்லிவியன்' என்ற ஆட்டத்திற் குதிரைக்குரிய கவசம் தனியே 2.50 டொலருக்கு விற்கப்பட்டபோது உலகெங்கும் கேலியே எழுந்தது. அது வீரசாகசக் கதைப் பாங்கான ஆட்டம். கேலிக்குரியதாயிருந்த வழக்கம் வருமானத்தின் முதுகெலும்பாக மாறியது விளையாட்டுத்துறை சார்ந்த ஆட்டங்களிலேயாம். இலெக்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2009இல் 'ஃபீஃபா 09' என்ற உதைபந்தாட்டத்திற்கு 'அல்டிமேட் டீம்' என்ற பகுதியை மேலதிக விலைக்கு வெளியிட்டது. பின்னர் அப்பகுதிக்குள் நுழைவது இலவசமாயிற்று. அங்கே ஆட்டக்காரரின் பெயர் பொறித்த அட்டைகளை உள்ளே யார் இருக்கிறார் என்றறியாமலே பொதிகளாக வாங்க வேண்டும். அடுத்த ஆண்டின் பதிப்பு வரும்போது இவ்வாறு சேர்த்த அணி அதனுள்ளே வராது. வெறுங்கையோடு மீண்டும் தொடங்க வேண்டும்.

2010இல் அதே நிறுவனம் ஒருபடி மேலே சென்றது. புதிய பிரதியோடு ஓர் இரகசிய எண்ணை வைத்து, பிரதியை இரண்டாங்கையாக வாங்குபவர் இணையவழி ஆடுவதற்கு 10 டொலர் செலுத்த வேண்டுமென விதித்தது. 'டைகர் வூட்ஸ் பிஜிஏ டூர் 11' என்ற கோல்ஃப் ஆட்டத்தோடு இது தொடங்கிற்று. எதிர்ப்பு வலுத்து, 2013இல் இம்முறை கைவிடப்பட்டது. அட்டைப் பொதிகளோ கைவிடப்படவில்லை. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு அவற்றைச் சூதாட்டமெனக் கருதியதால் 2019 தொடக்கத்தில் அந்நாட்டிலே அவற்றைப் பணத்துக்குப் பெறும் வழி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றிய நிறுவனப் பிரதிநிதி, அவற்றை 'வியப்பூட்டும் பொறிமுறைகள்' என வருணித்தார். நெதர்லாந்து விதித்த ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022இல் அந்நாட்டின் அதியுயர் நிர்வாக நீதிமன்றமே நீக்கியது. 2021ஆம் நிதியாண்டில் மட்டும் இவ்வொரு பகுதியால் அந்நிறுவனம் ஈட்டிய வருமானம் 162 கோடி டொலர். மொத்த வருமானத்திற் கால்பங்கைத் தாண்டிய தொகை அது.

விவாதத்தில் ஆடுவோர் கூறுவன பெரும்பாலும் மூன்று வகையின. முழு விலை கொடுத்தவனிடம் மீண்டும் கேட்பது பேராசை என்பர் ஒரு சாரார். விருப்பமில்லாதவன் வாங்காதிருக்கட்டும் என்பர் மற்றொரு சாரார். மூன்றாமவர் சற்று ஆழமானவர். 2005ஆம் ஆண்டளவிலிருந்து 2020வரை அமெரிக்கச் சந்தையிற் பெருவாரியான புதிய ஆட்டங்களின் விலை 60 டொலராகவே இருந்தது, ஆக்கச் செலவோ பன்மடங்கு உயர்ந்தது, அவ்விடைவெளியை எதனால் நிரப்புவது என அவர் வினவுவர். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயின் 2020இல் கூடைப்பந்தாட்டமான 'என்பிஏ 2கே21' புதிய கருவிகளுக்கு 70 டொலராக விலை உயர்த்தப்பட்டபோதும் உள்ளிருந்த கட்டணங்கள் குறையவில்லை. பணம் கொடுத்து வாங்கியவர் தவிர்க்கவியலாதபடி விளம்பரங்களும் சேர்க்கப்பட்டு, எதிர்ப்பின் பின்னரே அவை விலக்கப்பட்டன.

இம்மூன்று நிலைப்பாடுகளுக்கும் பொதுவானதொரு குருட்டிடம் உண்டு. 'அடிப்படை ஆட்டம்' என்று ஒன்று இயல்பாகவே உள்ளது, 'மேலதிகம்' அதன்மேல் ஏற்றப்படுகிறது என மூவரும் நம்புகின்றனர். இணையவழி ஆடும் வசதி 2010இன் ஆட்டத்திலே மேலதிகமாகச் சேர்க்கப்பட்டதா? அது பிரதிக்குள்ளேயே இருந்தது. இருந்ததைப் பூட்டிய பின்னரே திறப்பதற்குக் கூலி கேட்கப்பட்டது. மேலதிகத்தை உண்டாக்கியது, அடிப்படையை வெட்டிச் சிறிதாக்கிய செயலே. எதை அடிப்படை என அழைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் விற்பவன் கையில் இருக்கும்வரை, விலை கூடியதா குறைந்ததா என்று வாதிடுவது வட்டத்துக்குள் நடப்பதாகவே முடியும்.

இக்குருட்டிடத்தை ஊவாத் தோட்டங்களிலிருந்து நோக்கினால் தெளிவாகக் காணலாம். அங்குள்ள மக்கள் அடிப்படை, மேலதிகம் என்ற இவ்விரு சொற்களோடும் நெடுங்காலம் மல்லுக்கட்டியவர்கள். அவர்கள் கையாண்ட பொருள் விளையாட்டன்று, சம்பளம்.

2016 ஒக்ரோபரிற் கைச்சாத்திடப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 730 ரூபா எனப் பறைசாற்றப்பட்டது. உள்ளே பார்த்தால் அடிப்படை 500, வரவுக்கான ஊக்குவிப்பு 60, உற்பத்தித்திறன் ஊக்குவிப்பு 140, தேயிலை விலைக்கேற்ற கொடுப்பனவு 30. வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு வந்தால்தான் அந்த அறுபது. தோட்டம் குறித்த நிறையைப் பறித்தால்தான் அந்த நூற்று நாற்பது. ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் தொழில்தருநர் செலுத்தும் 15 வீதம் 500 ரூபாவுக்கு மட்டுமே கணிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 75 ரூபா. முழுத் தொகையும் அடிப்படையாக இருந்திருப்பின் அது 109 ரூபாவைத் தாண்டியிருக்கும். முதுமைக்குரிய சேமிப்பிலிருந்து நாள்தோறும் கழன்றுபோன அந்த முப்பத்துநான்கு ரூபா சம்பளச் சீட்டில் எந்த நிரலிலும் காணப்படவில்லை.

2018 ஒக்ரோபரிற் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலிலே திரண்ட மலையக இளைஞர்கள் கேட்டது ஆயிரம் ரூபாவை. அதனை 'அடிப்படைச் சம்பளமாக' என்று அழுத்திக் கேட்டனர். கோரிக்கையின் உயிர் அந்தச் சொல்லிலேதான் இருந்தது. தொகையைப் பற்றி மட்டுமே எழுதிய கொழும்புப் பத்திரிகைகள் பல அதனைத் தவறவிட்டன. 2019 ஜனவரி ஒப்பந்தம் அடிப்படையை 700ஆக உயர்த்தி, வரவுக்கும் உற்பத்தித்திறனுக்குமான இரண்டையும் நீக்கி, 50 ரூபா விலைக் கொடுப்பனவை மட்டும் விட்டது. முந்திய 730 இப்போது 750 ஆயிற்று. இருபது ரூபாவுக்கா இத்தனை போராட்டம் என்று நகைத்தோர் உளர். அடிப்படை இருநூறு ரூபா விரிந்ததை அந்நகைப்பு காணவில்லை. எனினும் இதைப் பெருவெற்றியாகக் கொள்ளவும் இயலாது. 2021இல் ஆயிரம் வந்தபோதும் 900 அடிப்படை, 100 வரவுசெலவு நிவாரணப்படி எனப் பிளந்தே வந்தது. அதன்பின் பறிக்கவேண்டிய நிறை கூட்டப்பட்டதாகப் பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. 2025 நவம்பரின் வரவுசெலவுத் திட்ட உரையில் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550ஆக்கும் முன்மொழிவோடு, அரசு வழங்கும் 200 ரூபா வரவு ஊக்குவிப்பும் சேர்ந்தே வந்தது. 2019இல் வாசல்வழி அனுப்பப்பட்ட 'வரவு', திறைசேரியின் சன்னல்வழி மீண்டும் நுழைந்தது எனலாம்.

மூலதனம் பற்றிய தமது நூலின் முதற்பாகத்திலே மார்க்ஸ் அளவுக்கூலி குறித்து ஆராய்ந்த இடம் இங்கு நினைவுகூரத்தக்கது. அவ்வடிவம் கண்காணிப்பவனின் வேலையைச் சம்பளத்துக்குள்ளேயே புகுத்திவிடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். தோட்டத்து வழக்கிலே ஒருநாட் சம்பளம் பதியப்படுவதைப் 'பேர் போடுதல்' என்பர். நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. மனிதரின் பெயர் எத்தனை கிலோவுக்குப் பெறும் என்று தராசு சொல்லும். விளையாட்டுச் சந்தையிலும் பெயரே பொருள். 2006 பிற்பகுதியில் வெளிவந்த 'கிரிக்கெட் 07' என்ற ஆட்டத்தில் அவுஸ்திரேலிய, இங்கிலாந்து அணிகளுக்கு உரிமம் பெறப்பட்டிருந்தது. இலங்கை வீரர் பெயர் திரிந்தே தோன்றினர். உரிமத்துக்குப் பணம் செலுத்தத்தக்க சந்தையாக எமது நாடு கருதப்படவில்லை. அந்நிறுவனம் பின்னர் கிரிக்கெட்டையே கைவிட்டது. அதன்பின் நடந்ததே சுவையானது. தெற்காசிய இளைஞர்கள் பல ஆண்டுகளாகப் புதிய அணிகளையும் சீருடைகளையும் மெய்ப்பெயர்களையும் தாமே செய்து சேர்த்து, ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிர்ந்தனர். எமது நகரங்களில் நகல் இறுவட்டுகளாக உலவிய அவ்வாட்டம் முழுமையடைந்தது அவர்களது கூலியற்ற உழைப்பினாலாம். மேலதிகம் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டென்பதை, விலையின்றிக் கொடுக்கப்படுவதும் மேலதிகமே என்பதை, இவ்வனுபவம் காட்டுகிறது. விவாதத்தில் இது அரிதாகவே பேசப்படுவது வருந்தத்தக்கது.

கைத்தொலைபேசி இந்நிலையை மாற்றிற்று. சென்னையில் இயங்கும் நெக்ஸ்ட்வேவ் நிறுவனத்தின் 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' போன்ற ஆட்டங்கள் தரவிறக்க இலவசம். உள்ளே சென்றபின் பணம், அல்லது விளம்பரம். மூதாதையர் கப்பலேறிய கரையிலிருந்து இன்று வருவது இது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கடனட்டை இல்லாத தோட்டத்து இளைஞன் பெரும்பாலும் பணத்தாற் செலுத்துவதில்லை. விளம்பரத்தைப் பார்த்து நாணயம் சேர்க்கிறான். அதற்கான இணையத் தரவை முற்கொடுப்பனவு மீள்நிரப்பலாற் பெறுகிறான். பார்வையாளரின் கவனமே விற்கப்படும் பண்டம் என்று டல்லஸ் ஸ்மித் 1977இல் வாதித்தபோது அவர் தொலைக்காட்சியை மனங்கொண்டிருந்தார். இங்கே பண்டமாகும் கவனத்துக்குரிய தரவுச் செலவையும் பார்ப்பவனே ஏற்கிறான். தாய் மலையிலே மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு பெறுகிறாள். மகன் லயத்திலே மேலதிக ஓவருக்கு விளம்பரம் பார்க்கிறான். இரண்டையும் சமமாக்குவது தவறு. ஒன்று உணவு, மற்றையது பொழுதுபோக்கு. மகன் தொலைபேசியை மூடிவைக்கலாம்; தாய் தராசடிக்குப் போகாதிருக்க இயலாது. 'விருப்பமில்லாதவன் வாங்காதிருக்கட்டும்' என்ற வாதம் அவனிடத்தே அரைகுறையாகவாவது பொருந்தும், அவளிடத்தே அறவே பொருந்தாது. ஆயினும் வெட்டும் முறை ஒன்றே. வாங்குபவனாக முதலாளி நிற்கும்போது தான் கொடுக்கவேண்டிய முழுமையை அடிப்படையாகவும் நிபந்தனையாகவும் வெட்டுகிறான். விற்பவனாக நிற்கும்போது தான் தரவேண்டிய முழுமையை அவ்வாறே வெட்டுகிறான்.

இவ்விடத்தில் மலையக இலக்கியத்தை நோக்கியும் ஒரு கேள்வி எழுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தொட்டு, 'காலங்கள் சாவதில்லை' (1974) எழுதிய தெளிவத்தை ஜோசப் ஈறாக, அதன் பின்னரும், எமது எழுத்தாளர் தோட்டத்துக் கணக்கை இலக்கியத்துக்குள் கொணர்ந்தனர். பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு தரித்திருந்தவர் ஜோசப். மலையகச் சிறுகதையிலே தராசடி, நாடகத்தில் மேடைக்குள்ள இடத்தைப் பெற்றது. ஆயின் அம்மேடையில் அநீதிக்கு எப்போதும் ஒரு முகம் இருந்தது. நிறையைத் திருடும் கணக்கப்பிள்ளை, அதட்டும் கங்காணி, காண இயலாத துரை. தொழிலாளியின் கடனைப் பொறித்த 'துண்டு' 1921இல் ஒழிக்கப்பட்டதற்கு முன்பும் பின்பும் நிலவிய உலகிற்கு அது உண்மையான சித்திரமே. இன்றைய சம்பளச் சீட்டிற் கணக்கப்பிள்ளை எதையும் திருடவேண்டியதில்லை. தராசு சரியாகவே நிறுக்கலாம், கூட்டலும் பிழையின்றி இருக்கலாம். வெட்டு அதற்கு முன்பே, ஒப்பந்தத்தின் நிரல்களிலே நடந்துவிட்டது. அட்டைப் பொதியைத் திறக்கும் இளைஞனை ஏமாற்றும் கடைக்காரனும் எவனுமில்லை.

வில்லனற்ற இவ்வெட்டை எவ்வாறு கதையாக்குவது? 1936இல் லூகாச் எடுத்துரைத்தலுக்கும் வருணித்தலுக்குமிடையே கண்ட வேறுபாடு இங்குப் பயன்படும். லயத்தின் ஒழுகும் கூரையையும் கொழுந்துக் கூடையையும் எத்தனை நுணுக்கமாக வருணித்தாலும் 500க்கும் 730க்கும் இடையிலுள்ள உறவு அவ்வருணனையில் அகப்படாது. அது மனிதர் ஒருவரோடொருவர் மோதும் செயலாக எடுத்துரைக்கப்படவேண்டும். 2018இன் கறுப்புடை ஊர்வலத்தில் 'அடிப்படை' என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மறுத்த அந்த இளைஞர் அத்தகைய எடுத்துரைப்புக்குரிய பாத்திரங்கள். அவர்களுட் பலரின் சட்டைப்பையிலே தொலைபேசியும், அதனுள்ளே பாதி பூட்டப்பட்ட கிரிக்கெட் ஆட்டமும் இருந்திருக்கும். அவர்களை முதன்மையாகக் கொண்டதொரு மலையக நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.