நேரலையில் வள்ளி திருமணம்: ஒரு திறனாய்வு

வள்ளி திருமணம், தமிழ் இசை நாடகங்களுள் இன்றும் மிகுதியாக மேடையேறிவரும் நாடகம் ஆகும். இதனை இயற்றியவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பகுதியில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைந்தார். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை முதலிய மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களின்போது இந்நாடகம் இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும்வரை நடைபெறும்.

அண்மை ஆண்டுகளில் இந்நாடகத்தை யூடியூப் வழியாக நேரலையில் காணும் வழக்கம் பரவியுள்ளது. இன்று எந்த ஊரில் நாடகம், வள்ளி யார், நாரதர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ரசிகர்கள் கைப்பேசியுடன் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு எதற்கானது, நேரலை அதனை நிறைவு செய்கிறதா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சிப் பகுதி தெருக்கூத்துக்கு உரியது. இங்கே இரவு முழுதும் விழித்திருப்பது என்றால், திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதக் கூத்துக்காக விழித்திருப்பதுதான். தென்மாவட்டத்து இசை நாடகம் இப்பக்கம் அரிதாகவே வரும். எனவே இவ்வட்டார மாணவர் ஒருவர் வள்ளி திருமணத்தை முழுமையாகப் பார்க்க விரும்பினால், அவருக்குக் கிடைக்கும் முதல் மேடை பெரும்பாலும் இந்த நேரலையாகவே இருக்கும். அதன் தரத்தை நாம் கவலையோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

கதை தெரிந்தும் காத்திருப்பது ஏன்?

வள்ளி தினைப்புனத்தில் பரண்மீது நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டுகிறாள். நாரதர் வருகிறார். பின்னர் முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வருகிறான். யானை வந்து மிரட்டுகிறது. வள்ளி முருகனை ஏற்றுக்கொள்கிறாள். இக்கதையைச் சிறு பிள்ளையும் அறியும். கல்வராயன் மலையில் தினையும் சாமையும் விளையும் கொல்லைகளைப் பார்த்த நம் மாணவருக்குப் பரண் என்றால் என்னவென்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ரசிகர் காத்திருப்பது கதையின் முடிவுக்காக இருக்க முடியாது. இன்றைய வள்ளி ஆலோலத்தை எந்த இராகத்தில் எடுப்பார்? இன்றைய நாரதர் எந்தக் கேள்வியோடு தர்க்கத்தைத் தொடங்குவார்? அதற்கு அவர் என்ன விடை சொல்வார்? இவற்றுக்காகத்தான் மக்கள் விழித்திருக்கிறார்கள்.

இந்த எதிர்பார்ப்புக்கு நாடகத்தின் அமைப்பே இடம் தருகிறது. இவ்வகை நாடகத்துக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். ஒரே குழுவாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்கள் இதில் நடிப்பதில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், நடனக்காரர், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என ஒவ்வொருவரையும் விழாக் குழுவினர் தனித்தனியே அமர்த்துகிறார்கள். அவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து மேடையில்தான் ஒன்றுகூடுகிறார்கள். சுவாமிகளின் பாடல்களும் கதைப் போக்கும் எல்லாருக்கும் பொதுவான மனப்பாடம். மற்ற உரையாடல் அந்த இரவில், அந்த இருவருக்கு இடையே பிறக்கிறது.

நாரதர் – வள்ளி தர்க்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இல்லறம், துறவறம், பெண்மை, பக்தி எனப் பல பொருள்களில் அது நீளும். எதிரே இருப்பவர் வலுவானவர் என்றால் இன்னும் நீளும். ஒருவர் பாட்டால் மடக்க, மற்றவர் அதே இராகத்தில் விடை சொன்னால் கொட்டகை ஆர்ப்பரிக்கும். இரண்டு நல்ல புலவர்கள் எதிரெதிரே அமர்ந்த பட்டிமன்றத்தை இசையோடு கேட்பது போன்றது அது.

இசைத்தட்டும் திரைப்படமும் விட்டுச் சென்றவை

மேடை நாடகத்தைக் கருவிகளில் பிடித்துவைக்கும் முயற்சி புதியதன்று. 1920களில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த நாடகங்களுக்கு, வள்ளி திருமணம் உட்பட, மக்கள் திரண்டார்கள். அவர்கள் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பரில் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். இன்று நம்மிடம் இருப்பவை அவர் பாடிய இசைத்தட்டுகள் மட்டுமே. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். விடியவிடிய வளர்ந்த ஒரு கலையில் அந்த மூன்று நிமிடங்கள் எஞ்சின. அவர் எதிரே நின்றவருக்குச் சொன்ன விடையும், கூட்டம் எழுப்பிய ஒலியும் அழிந்துபோயின.

அடுத்துத் திரைப்படம் வந்தது. வள்ளி திருமணம் 1933இல் டி. பி. ராஜலட்சுமி நடிக்கப் படமாயிற்று. 1945இல் ஏ. வி. மெய்யப்பன் ‘ஸ்ரீ வள்ளி’யை எடுத்தார். அதில் முருகனாக டி. ஆர். மகாலிங்கமும் வள்ளியாக ருக்மணியும் நடித்தனர். ருக்மணியின் பாடல்களுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. தமிழ்த் திரையிசை வரலாற்றில் இது முக்கியமான செய்தி. ஆனால் நாடக மாணவர் இதில் வேறொன்றையும் காண வேண்டும். மேடையில் வள்ளியின் குரலும் உடலும் ஒருவருக்கே உரியவை; அவர் மூச்சு வாங்குவதும் நமக்குத் தெரியும். திரைப்படம் அவ்விரண்டையும் பிரித்துச் செம்மையாக்கியது. செம்மை கிடைத்தது, அந்த நேரத்து உயிர்ப்பு போயிற்று.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அதன் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்குத் தெருவே ஒரு வீட்டில் கூடியதைப் பார்த்த தலைமுறை எங்களுடையது. ஆனால் அங்கும் நாடகம் நிகழ்ச்சி நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். இரவு முழுதும் நடக்கும் வடிவத்துக்கு அதில் இடம் இல்லை.

இன்றைய இணைய நேரலைதான் அந்தக் காலக் கட்டுப்பாட்டை முதன்முறையாக நீக்கியிருக்கிறது. எட்டு மணி நேரமானாலும் ஒளிபரப்பலாம்; அப்படியே சேமித்தும் வைக்கலாம். கிட்டப்பா காலத்தில் கிடைக்காத வாய்ப்பு இது.

பிற நாடுகளின் அனுபவம்

இசை நாடகத்தை நேரலையில் காட்டும் முயற்சி அமெரிக்காவில் நீண்ட வரலாறு உடையது. 1957 மார்ச் 31 அன்று ‘சின்ட்ரெல்லா’ என்னும் இசை நாடகத்தை சி.பி.எஸ். தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த அதனை நூறு மில்லியனுக்கும் மேற்பட்டோர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. 2013 டிசம்பர் 5 அன்று என்.பி.சி. தொலைக்காட்சி ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தை நேரலையில் வழங்கியது. ஏறத்தாழ 18 மில்லியன் பேர் பார்த்தனர்.

அந்த இரண்டாவது நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, 1965இல் வந்த திரைப்படம் மட்டும் தெரிந்தவர்கள், பாடல்கள் இடம் மாறி வருவதைக் கண்டு திகைக்க நேர்ந்தது. உண்மையில் ஒளிபரப்பு 1959ஆம் ஆண்டின் மேடை வடிவத்தைப் பின்பற்றியிருந்தது. ‘ஸ்ரீ வள்ளி’ படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வள்ளி திருமணம் பார்க்க உட்காருபவருக்கும் இதே திகைப்பு ஏற்படும். மூலம் எது, அதன் வழிவந்தது எது என்று தெரிந்துகொண்டு காத்திருப்பது நல்லது.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. அந்த நிகழ்ச்சி பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்தது. பாடல் முடிந்ததும் கைதட்ட ஆள் இல்லை. பெரிய பாடலுக்குப் பின் வெறும் அமைதி. பின்னர் 2016இல் ‘கிரீஸ்’ நாடகத்தையும் 2018இல் ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நாடகத்தையும் ஒளிபரப்பியபோது, பார்வையாளர்களை அரங்கிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஆரவாரமும் நிகழ்ச்சியின் பகுதியாயிற்று. நடிகரும் பார்ப்பவரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் வீட்டில் இருப்பவருக்கும் அது நாடகமாகப் போய்ச் சேருகிறது.

நம் ஊர்த் திருவிழாவில் பார்வையாளர்களைத் தேடிக் கொண்டுவர வேண்டியதில்லை. அவர்கள் பாயோடு வந்து அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் நம் நேரலை பலவற்றில் அவர்களின் குரல் கேட்பதில்லை.

நேரலைகளில் காணும் குறைகள்

ஒன்று, ஒலி. ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து நேரே கம்பி இழுத்து ஒலியைப் பதிவு செய்வது எளிது. பாடலும் தெளிவாகக் கேட்கும். ஆனால் கூட்டத்தின் சிரிப்பும் ஆரவாரமும் அதில் வராது. நாரதர் ஏன் நிறுத்தினார், வள்ளி ஏன் புன்னகைத்தார் என்று வீட்டில் இருப்பவருக்கு விளங்காது. கூட்டத்தின் நடுவே ஒரு மைக் வைத்து, அதனையும் கலந்து அனுப்பினால் இக்குறை தீரும்.

இரண்டு, படப்பிடிப்பு. தர்க்கத்தில் பேசுபவர் முகத்தையே அண்மைக் காட்சியில் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தர்க்கத்தில் கேட்பவரின் முகமே பாதி நாடகம். விடையைத் தேடும் அந்தச் சில நொடிகளை இழந்தால், மீதி வெறும் சொற்பொழிவாகிவிடும். இருவரும் ஒருசேரத் தெரியும் காட்சியே இங்கு முறையானது.

மூன்று, வருகை. இது எங்கள் பகுதிக் கூத்தை ஒளிபரப்புவோருக்கும் பொருந்தும். கூத்தில் முக்கிய வேடம் நேரே வந்து நிற்காது. இருவர் திரை பிடிக்க, அதன் பின்னிருந்து முதலில் குரல் மட்டும் வரும். கிரீடத்தின் நுனி தெரியும். திரை விலகும்போதுதான் கர்ணனோ துரியோதனனோ முழுதாகத் தெரிவார். காத்திருத்தலையே கலையாக்கிய ஏற்பாடு இது. கேமராவைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்த் திரைக்குப் பின்னால் நிற்பவரை முன்பே காட்டிவிட்டால், பார்ப்பவருக்கு ஏதோ கூடுதலாகக் கொடுத்ததுபோல் தோன்றலாம். அந்த வருகைக்காகக் கூத்தாடி சேர்த்துவைத்தது அத்தனையும் அங்கே வீணாகிறது.

நான்கு, துண்டாக்குதல். நேரலை முடிந்த மறுநாள், அதிலிருந்து வெட்டிய சிறு காணொளிகள் உலவத் தொடங்குகின்றன. அவற்றுள் பல, பபூனும் நடனக்காரரும் வரும் முற்பகுதி நகைச்சுவையிலிருந்து எடுத்தவை; இரட்டைப் பொருள் தரும் வரிகள் இருந்தால் இன்னும் வேகமாகப் பரவும். அப்பகுதி நாடகத்துக்குப் புறம்பானதன்று. கூட்டத்தை நிலைப்படுத்துவதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஓர் இரவின் அரை நிமிடத்தை மட்டும் பார்ப்பவர், இதுதான் இந்த நாடகம் என்று முடிவு கட்டிவிடுகிறார். அதன் விளைவைச் சுமப்பவர்கள் பெண் கலைஞர்களே. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சமூகத்தில் சுமக்கும் இழிபெயரைப் பற்றி சூசன் சைசர் என்னும் ஆய்வாளர் 2005இல் தனி நூலே வெளியிட்டார். மேடையில் ஒரு வரியைச் சொல்லிவிட்டு விடியலில் பேருந்து ஏறி வீடு திரும்பினால், அந்த வரி அந்த ஊரோடு நின்றுவிடும். இன்று அது அவருக்கு முன்னே அவர் பிள்ளையின் பள்ளிக்குப் போய்ச் சேருகிறது.

கலைஞரின் உரிமை

1922இல் மறைந்த சுவாமிகளின் எழுத்து இன்று எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து. நேற்றிரவு நடித்தவரின் நடிப்பு அப்படிப்பட்டது அன்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞர் உரிமை என ஒன்றை ஏற்கிறது. அதன் காலம் 50 ஆண்டுகள். தம் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் ஒளிபரப்பவும் இசைவு தரும் உரிமை கலைஞருக்கு உண்டு என்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் தெளிவாக்கியது. தம் நிகழ்ச்சியைச் சிதைத்து நற்பெயருக்குக் கேடு செய்வதைத் தடுக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது.

2020இல் கொரோனா ஊரடங்கால் திருவிழாக்கள் நின்றபோது, ஆண்டு வருமானத்தைத் திருவிழாக் காலத்தையே நம்பித் தேடும் இக்கலைஞர்கள் பெரும் இன்னலுக்கு ஆளாயினர். அவர்களுடைய பழைய நாடகங்கள் இணையத்தில் அப்போதும் பார்க்கக் கிடைத்தன. பார்வைகள் கூடுவதால் வரும் பணத்தில் மேடையில் நின்றவருக்குப் பங்கு உண்டா என்பதை விழாக் குழுவும் ஒளிபரப்புபவரும் கலைஞரும் நாடகத்துக்கு நாள் குறிக்கும்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். சம்பளம் பேசுவதுபோல இதுவும் ஒரு பேச்சுதான்.

பார்க்கப்போகும் மாணவருக்கு

நேரலை வேண்டாம் என்பது என் கருத்தன்று. கோயம்புத்தூர் ஆலையிலும் சிங்கப்பூர்க் கட்டுமானத்திலும் வேலை செய்பவர் தம் ஊர்த் திருவிழா நாடகத்தைக் காண வேறு வழி ஏது? படுக்கையை விட்டு எழ முடியாத முதியவருக்கும் அதுவே வழி. கலைஞரின் இசைவு பெற்று, முழு இரவையும் வெட்டாமல் சேமித்து வைத்தால், அடுத்த தலைமுறை நடிகர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது.

எனவே ஒரு நேரலைக்காகக் காத்திருக்கும் மாணவர், ஏதேனும் ஒரு தர்க்கத்தையாவது தொடக்கம் முதல் முடிவு வரை தள்ளாமல் பார்க்க வேண்டும். கேட்கப்பட்ட கேள்வி என்ன, விடை எந்த இராகத்தில் வந்தது, ஆர்மோனியக்காரர் எந்த இடத்தில் சுதி பிடித்துக் கொடுத்தார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வேறொரு நாளில், வேறொரு வள்ளியும் நாரதரும் நடித்த அதே காட்சியைப் பார்க்க வேண்டும். இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்தால், தெரிந்த கதைக்காக மக்கள் ஏன் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். ஒளிபரப்புபவர் எதை வெட்டக்கூடாது என்பதும் அப்போது தானாகவே விளங்கும்.