மூச்சு உள்ளே போகும்போது வரும் பாட்டு

பாடுகிறவர் மூச்சை வெளியே விட்டுத்தான் பாடுகிறார். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையானாலும் சிகாகோ மட்டி வாட்டர்ஸானாலும் இதில் மாற்றம் இல்லை. மவுத் ஆர்கனில் புளூஸ் வாசிக்கிறவர் செய்வதோ நேர் எதிர். துளையில் உதட்டைப் பதித்துக் காற்றை உள்ளே இழுக்கிறார். அந்த இசையின் ஏக்கமெல்லாம் அப்படி இழுக்கும் சுரங்களில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்தால் என்ன ஆகும்? அடியைப் பாடி முடிக்கும்போது அவர் நெஞ்சு காலியாகி, காற்றைத் தேடுகிறது. அதே நொடியில் ஆர்கன் வாய்க்கு வந்துவிட்டால், மூச்சு வாங்குவதே இசையாகிவிடுகிறது. இரண்டையும் செய்த சிகாகோக்காரர் பால் பட்டர்ஃபீல்டின் பாட்டை நான் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த ஓர் இடத்துக்காகத்தான்.

1965-இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டின் முதல் பாட்டு ‘பார்ன் இன் சிகாகோ’. நண்பர் நிக் கிராவனைட்ஸ் எழுதியது. அதில் பட்டர்ஃபீல்டின் குரலை மட்டும் கவனித்தால் பெரிய குரல் என்று சொல்லத் தோன்றாது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அவசரம், சொல்லை முடித்த வேகத்தில் விட்டுவிடுகிற பழக்கம். சொல்லின் வாலை இழுத்து அலங்கரிக்கும் ஆசை அவரிடம் கிடையாது. அந்த வாலை ஆர்கனுக்கு என்று வைத்துவிடுகிறார். குரல் நிறுத்திய உயரத்திலேயே ஆர்கன் பிடித்துக்கொள்கிறது. அல்லது ஒரு படி கீழே இறங்கி, அங்கிருந்து ஏறி வந்து சேர்ந்துகொள்கிறது. பாடியவரே வாசிக்கிறார் என்பது தெரிந்திருந்தும் இரண்டு பேர் பேசிக்கொள்வது போலத்தான் காதில் விழுகிறது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கத்துப் பட்டு நெசவாளர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா ஓடும். தறியின் ஓரத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு திரும்பிப் போகும். நல்ல கோர்வையில் அந்த இடத்தை விரலால் தடவினாலும் மேடு தட்டாது. அரக்கு எங்கே முடிந்தது, பச்சை எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத்தான் தெரியும். பட்டர்ஃபீல்டிடம் குரலும் ஆர்கனும் சேரும் இடம் அப்படிப்பட்டது. நெசவாளிக்கு உள்ள துணையாள் மட்டும் அவருக்கு இல்லை. இரண்டு நாடாவையும் அவரே தள்ளுகிறார்.

மவுத் ஆர்கன் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘ஷோலே’ (1975). இருட்டத் தொடங்கும் நேரத்தில் அமிதாப் பச்சன் வாசிப்பதாகக் காட்டும் அந்தச் சிறு மெட்டை உண்மையில் வாசித்தவர் ஆர்.டி. பர்மனின் குழுவில் இருந்த பானு குப்தா. அது தனிமையின் இசை. மெல்ல ஊதி, நெஞ்சைத் தொட்டுவிட்டு நின்றுவிடும். சிகாகோவின் ஆர்கன் வேறு சாதி. அங்கே லிட்டில் வால்டர் என்ற மேதை மைக்கையும் ஆர்கனையும் ஒரே கைக்குழிக்குள் பொத்திப் பிடித்து, ஒலிபெருக்கி வழியாக அதைச் சாக்ஸபோனுக்கு இணையாகக் கர்ஜிக்க வைத்தார். பட்டர்ஃபீல்ட் அந்த வழியில் வந்தவர். ஷூர் 545 மைக்கை ஆர்கனோடு சேர்த்துப் பிடித்து ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவார். கிதார்கள் எத்தனை உரக்க முழங்கினாலும் ஆர்கன் அவற்றுக்கு ஈடாக நிற்கும்.

அவர் விரும்பி வாசித்தது ஹோனர் நிறுவனத்தின் ‘மரீன் பேண்ட்’. ஜெர்மனியில் 1896 முதல் செய்யப்பட்டு வரும் ஆர்கன் அது. பத்துத் துளை, ஒவ்வொரு துளையிலும் ஊதினால் அதிர ஒன்றும் இழுத்தால் அதிர ஒன்றுமாக மொத்தம் இருபது பித்தளை நாக்குகள். சட்டைப்பையில் அடங்கிவிடும் இதற்குள் ஒலிக்க வேறு எதுவும் இல்லை. சாதாரணமாக இதைத் தாழ்ந்த சுரங்கள் இடப்பக்கம் வரும்படி பிடிப்பார்கள், ஹார்மோனியத்தில் இருப்பதைப் போல. பட்டர்ஃபீல்ட் தலைகீழாகப் பிடித்தார். அவருக்குத் தாழ்ந்த சுரங்கள் வலப்பக்கம். ஆறாவது துளைக்கு மேலே அவர் போவது அபூர்வம். கையிலிருக்கும் பத்தில் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வளவு சொல்லியிருக்கிறார் என்பது, கேட்கக் கேட்க வியப்பைக் கூட்டுகிறது.

இந்த வியப்பைச் சுரத்தில் காட்டுகிறேன். சி என்ற சுருதியில் செய்த ஆர்கனை எடுத்துக்கொள்வோம். அதில் சி-யை ஆதாரமாக வைத்து ஊதினால் நாட்டுப்புற மெட்டுகளும் தேவாலயப் பாட்டுகளும் இயல்பாக வரும். ஜெர்மானியர்கள் செய்தது அதற்காகத்தான். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். அதே ஆர்கனில் ஜி-யை சட்ஜமாக வைத்து, இழுக்கும் மூச்சில் வாசித்தார்கள். அப்படிக் கிடைக்கும் ஏழு சுரங்களை நம் ஊர்க் காதால் கேட்டால் அவை ஹரிகாம்போஜியின் சுரங்கள். பழந்தமிழரின் செம்பாலை என்று ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காட்டும் அதே வரிசை. ராகம் என்பது சுரவரிசையோடு முடிவதில்லை என்பதால் சிகாகோவில் ஹரிகாம்போஜி வாசித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தச் சுரங்கள் நமக்குப் பழகியவை, அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். மூன்றாவது துளையை இழுத்தால் அந்தர காந்தாரம் கிடைக்கும். இழுத்துக்கொண்டே நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தி வாய்க்குள் இருக்கும் வெளியைப் பெரிதாக்கினால், சுரம் வளைந்து கீழே இறங்கும். ஒரே துளைக்குள் இருக்கும் இரண்டு பித்தளை நாக்குகளும் சேர்ந்து அதிர்வதால் வருவது இது. நன்றாக இறக்கினால் சாதாரண காந்தாரம் வரை கொண்டுவரலாம், அதற்குக் கீழும் போகலாம். பட்டர்ஃபீல்ட் எல்லா நேரமும் அவ்வளவு தூரம் இறக்க மாட்டார். இரண்டு காந்தாரத்துக்கும் நடுவே, எந்தப் பியானோக் கட்டையிலும் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கேயே லேசாக அசைப்பார். கமகத்தில் ஊறிய காதுக்கு அந்த இடத்தின் அருமை உடனே தெரியும். பலர் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று துளைகளை இழுத்து ஒலியைக் கொழுக்கவைப்பார்கள். இவர் பெரும்பாலும் ஒற்றைச் சுரமாகவே வாசித்ததால்தான் அந்த அசைவு துலக்கமாகக் கேட்கிறது.

ஒற்றைச் சுரத்தில் இந்தத் தெளிவு அவருக்கு வந்ததற்கு ஒரு காரணம் இளமையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1942 டிசம்பர் 17 அன்று சிகாகோவில் பிறந்து, பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க் பகுதியில் வளர்ந்தவர். அப்பா வழக்கறிஞர், அம்மா ஓவியர். சிறுவனாக இருந்தபோது அவர் கற்றது செவ்வியல் புல்லாங்குழல். சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவின் வால்ஃப்ரிட் குஜாலா அவருக்கு ஆசிரியர். ஓட்டப்பந்தய வீரராகவும் இருந்தார், முழங்காலில் அடிபட்டு அது நின்றுபோனது. மூச்சை அளந்து விடும் பழக்கம் குழலிலிருந்தும் ஓட்டத்திலிருந்தும் வந்து இந்தச் சின்ன ஆர்கனில் சேர்ந்திருக்கிறது.

சிகாகோவின் தென்பகுதியில் கறுப்பின மக்களின் மதுக்கூடங்களில் மட்டி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், லிட்டில் வால்டர் ஆகியோர் வாசிப்பதைத் தேடிப் போய்க் கேட்டார். பிறகு அவர்களுடைய மேடையிலேயே ஏறி வாசிக்க அனுமதி பெற்றார். வெள்ளை இளைஞன் ஒருவன் வந்து கற்றுக்கொள்ள அந்தக் கலைஞர்கள் இடம் கொடுத்த பெருந்தன்மையைச் சொல்லாமல் இவருடைய கதையைச் சொல்லக் கூடாது. 1963-இல் அவர் அமைத்த குழுவில் தாளத்துக்கு வந்த சாம் லே, பேஸ் கிதாருக்கு வந்த ஜெரோம் ஆர்னால்டு இருவருமே ஹவ்லின் வுல்ஃபின் குழுவில் இருந்தவர்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சமமாக நின்ற இசைக்குழுக்கள் அன்றைய அமெரிக்காவில் குறைவு. எல்வின் பிஷப் கிதாரிலும், மைக் புளூம்ஃபீல்ட் முதன்மைக் கிதாரிலும், மார்க் நாஃப்டலின் விசைப்பலகை ஆர்கனிலும் சேர்ந்தபோது குழு முழுமையானது.

1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறி ரசிகர்களை இரண்டாகப் பிளந்த கதை உலகறிந்தது. அன்று டிலனுக்குப் பின்னால் நின்ற புளூம்ஃபீல்ட், ஆர்னால்டு, லே மூவரும் பட்டர்ஃபீல்டின் ஆட்கள். பட்டர்ஃபீல்ட் டிலனோடு மேடையேறவில்லை.

மறு ஆண்டு வந்தது ‘ஈஸ்ட்-வெஸ்ட்’. இசைத்தட்டுக்கும் அதன் கடைசி உருப்படிக்கும் ஒரே பெயர். அந்த உருப்படியில் பாட்டு இல்லை, சொல் இல்லை. பதின்மூன்று நிமிடம் வாத்தியம் மட்டும். அமெரிக்கப் பாட்டில் கார்டு என்னும் சுரக்கூட்டு மாறிக்கொண்டே இருக்கும், மெட்டு அதன் மேல் நடக்கும். இதில் கார்டு மாறுவதில்லை. பேஸ் கிதார் ஒரே ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்த நமக்கு அது வீட்டு வாசலில் கால் வைத்ததுபோலத்தான். ரவிசங்கரின் சிதாரைக் கேட்டு அந்த வழியில் யோசித்த புளூம்ஃபீல்டின் எண்ணம் இது. சாம் லே நோய்வாய்ப்பட்டதால் அவருடைய இடத்துக்கு வந்த பில்லி டேவன்போர்ட் ஜாஸில் பழகியவர். வேகத்தைக் கூட்டாமலே அழுத்தத்தை மட்டும் கூட்டத் தெரிந்தவர்.

கிதார்கள் இதில் நிறையப் பேசுகின்றன. விமர்சகர்களும் அவற்றைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் ஆர்கனின் பக்கம் நிற்கிறேன். பட்டர்ஃபீல்ட் இங்கே வழக்கமான தன் முறையை விட்டு, ஆர்கன்காரர்கள் மூன்றாவது நிலை என்று சொல்லும் முறைக்குப் போகிறார். சி ஆர்கனில் டி-யை ஆதாரமாக வைப்பது அது. அப்போது கிடைக்கும் ஏழு சுரங்கள் கரகரப்பிரியாவின் சுரங்கள். கிழக்கைத் தேடி கிதார்க்காரர் விரலால் சுரங்களை வளைத்துக்கொண்டிருக்க, இவர் ஆதாரத்தை மட்டும் ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். கிரகபேதம் தெரிந்த நம் வித்வான்கள் இதைக் கேட்டால் நிச்சயம் புன்னகைப்பார்கள். அந்த இடத்தில் அவர் வாசிப்பும் மாறுகிறது. வளைவு குறைகிறது, சுரங்கள் நேராக நிற்கின்றன, இடைவெளி கூடுகிறது. ஒரு சுரத்தை வைத்துவிட்டு அடுத்ததற்கு அவசரப்படாமல் காத்திருக்கிறார்.

1967-இல் மான்டரே இசை விழா, 1969-இல் உட்ஸ்டாக் இசை விழா. இரண்டிலும் ரவிசங்கரும் வாசித்தார், பட்டர்ஃபீல்டும் வாசித்தார். அதற்குள் புளூம்ஃபீல்ட் விலகிப் போயிருந்தார். பட்டர்ஃபீல்ட் குழுவில் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் சேர்ந்திருந்தன. அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் ஆர்கனுக்குக் கிடைத்த இடம் சுருங்கிவிட்டது என்பது என் குறை. 1969-இல் ஆசான் மட்டி வாட்டர்ஸோடு உட்கார்ந்து பதிவுசெய்த ‘ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்’ இசைத்தட்டில் அந்தக் குறை தீர்கிறது. அதில் அவர் பெரும்பாலும் பின்னணியில் நிற்கிறார். பெரியவர் அடியை முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடைவெளியின் அளவுக்கு மட்டும் வாசித்து விலகுகிறார். மரியாதையைச் சுரத்திலும் காட்ட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ‘தி பேண்ட்’ குழு நடத்திய விடைபெறு நிகழ்ச்சியை மார்ட்டின் ஸ்கோர்செசி ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ என்று படமாக்கினார். மட்டி வாட்டர்ஸ் அங்கே ‘மானிஷ் பாய்’ பாடினார். அந்தப் பாட்டின்போது ஒரே ஒரு கேமராதான் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்வார்கள். பார்க்கிறவர்களின் கண் முழுக்க மட்டி வாட்டர்ஸின் முகத்தில் இருக்கும், அது நியாயம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அடியில் பட்டர்ஃபீல்டின் ஆர்கனில் ஒரு நடுங்கும் ஒலி, அறுபடாமல் நீண்டுகொண்டே போகும். எங்கே மூச்சு மாற்றினார் என்று பிடிக்க முடியாது. நாதசுரக்காரர்கள் சட்ஜத்தில் நின்று கார்வை பிடிப்பதைக் கேட்டுப் பழகியவர்கள்கூட ஒரு கணம் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளை நீட்டிச் சொல்ல மனம் இல்லை. 1980 முதல் வயிற்றுக்குள் அழற்சி, அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள், வலி, போதைப்பழக்கம். மூச்சையே தொழிலாகக் கொண்டவருக்கு வயிற்றில் கத்தி வைப்பது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. 1987 மே 4 அன்று, 44 வயதில் இறந்தார். 2015-இல் ராக் இசையின் பெருமை மன்றத்தில் அவருடைய குழுவின் பெயர் சேர்ந்தது.

கேட்க விரும்புகிறவர்கள் முதல் இசைத்தட்டில் தொடங்கட்டும். ‘மிஸ்டரி டிரெயின்’ பாட்டில் ஆர்கன் ரயிலின் ஓட்டத்தைப் பிடிக்கும் இடத்தைத் தவறவிட வேண்டாம். அடுத்து ‘ஈஸ்ட்-வெஸ்ட்’. அது காதில் நன்றாகப் படிந்த பிறகு, நாஃப்டலின் 1996-இல் வெளியிட்ட ‘ஈஸ்ட்-வெஸ்ட் லைவ்’ கிடைத்தால் விடாதீர்கள். அதே உருப்படியின் மூன்று மேடை வாசிப்புகள் அதில் இருக்கின்றன. கடைசி வாசிப்பு 28 நிமிடம் போகிறது. பதிவுக்கூடத்தில் 13 நிமிடத்துக்குள் சொன்னதை இங்கே அவிழ்த்து, ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுப் பார்த்து, நின்று நிதானித்துச் சொல்கிறார்கள். இரவில், வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் கேட்க வேண்டியது அது.