இரண்டு நிமிடத் திகில்

பிரிட்டனில் பதினாறு, பதினேழு வயது மாணவர்கள் படிக்கும் ஊடகவியல் பாடத்தில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு செய்முறைப் பணி இருந்தது. ஓசிஆர் என்ற தேர்வு வாரியம் 2008-இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் அதற்கு ஜி321 என்று எண். எடுக்கப்படாத, இனி எடுக்கப்படவும் போகாத ஒரு கதைப் படத்தின் டைட்டிலையும் தொடக்கக் காட்சியையும் மாணவர்கள் எடுத்துத் தர வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. குழுவில் நான்கு பேருக்கு மேல் சேரக்கூடாது. படமும் ஒலியும் சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். இசையும் ஒலி விளைவுகளும் மட்டும் காப்புரிமைத் தொல்லை இல்லாத இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த வகைப் படம் என்பது அவர்கள் விருப்பம். அந்த விருப்பம் அடிக்கடி திகில் படத்தில் போய் நின்றது.

காரணம் புரியாததல்ல. காதல் கதைக்கு நடிக்கத் தெரிந்தவர் வேண்டும், நகைச்சுவைக்கு எழுதத் தெரிந்தவர் வேண்டும். திகிலுக்கு ஒரு தோழி, ஹூடி போட்ட ஒரு நண்பன், ஊரை ஒட்டிய ஒரு சின்னக் காடு போதும் என்று தோன்றும். கையில் காசில்லாமல் எடுத்துப் பேர் வாங்கிய படங்களும் இந்த வகையில் நிறைய. ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) சுமார் மூன்று லட்சம் டாலரில் முடிந்தது. ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ (1999) படப்பிடிப்புக்கு அதைவிட மிகக் குறைவாகவே செலவானது. ஆக, வகையைத் தேர்ந்ததில் பிழையில்லை. அதற்குப் பிறகு என்ன தேர்ந்தார்கள் என்பதுதான் விவகாரம்.

யூடியூபில் இவை குவிந்து கிடக்கின்றன. நாலைந்து பார்த்தாலே வார்ப்பு பிடிபட்டுவிடும். இலையுதிர்ந்த காட்டில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் ஒரு ஜோடி ஷூ. அவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. நடை ஓட்டமாகிறது, கேமரா குலுங்குகிறது, அவள் வேரில் இடறி விழுகிறாள். வாயைப் பொத்த ஒரு கை. திரை இருள்கிறது, சிவப்பெழுத்தில் படத்தின் பெயர். இதில் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இது தொடக்கக் காட்சி இல்லை, டிரெய்லர். மீதிப் படத்தை மதிப்பிடுபவர் பார்க்கப்போவதில்லை என்பது மாணவருக்குத் தெரியும். அதனால் கொலைகாரன், ஆயுதம், அலறல் எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்துக்குள் திணித்துவிடுகிறார். பின்னால் வரப்போகிற ஒன்றுக்காகக் காத்திருக்க வைப்பதுதான் தொடக்கத்தின் வேலை. பின்னால் எதுவுமே வராது என்ற நிலையில் அந்தப் பொறுமையை ஒரு மாணவரிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம்தான். பணியின் வடிவத்திலேயே உள்ள இந்தக் கோணலை மாணவர் தலையில் கட்டிவிட முடியாது.

முன்னோடிப் படங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு மாணவர்களே பொறுப்பு. ‘பிளேர் விட்ச்’சிலிருந்து அவர்கள் எடுப்பது குலுங்கும் கேமராவை. அந்தப் படத்தின் தொடக்கத்திலோ குலுக்கலே கிடையாது. கறுப்புத் திரையில் சில வரிகள் மட்டும் வரும். 1994 அக்டோபரில் மேரிலாந்தின் பர்கிட்ஸ்வில் அருகே காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கப் போன மூன்று திரைப்பட மாணவர்கள் காணாமல் போனார்கள், ஓராண்டு கழித்து அவர்கள் எடுத்த காட்சிகள் மட்டும் கிடைத்தன என்ற தகவல். அதற்குப் பிறகு அந்த மூவரும் கடையில் தீனி வாங்கினாலும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. நடிகர் வேண்டாம், இரவு வேண்டாம், ஒரு பைசா செலவில்லை. மாணவர் கைக்கு இதைவிட எட்டுகிற உத்தி வேறு இருக்க முடியாது, எடுத்தாள்பவர்தான் குறைவு.

‘செவன்’ (1995) படத்துக்கும் இதே கதி. கைல் கூப்பர் அமைத்த அந்த டைட்டில் வரிசையைப் பார்த்துக் கிறங்காத ஊடக மாணவர் இல்லை. கீறிய எழுத்து, கத்தரிக்கும் கைகள், ஒட்டிய புகைப்படங்கள், நடுங்கும் ஃபிரேம்கள் என எல்லாம் அப்படியே மாணவர் படத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த வரிசையில் ஒரு கை, விரல் நுனித் தோலை பிளேடால் சீவிக்கொள்கிறது. அது வெறும் அருவருப்புக்காக இல்லை. கைரேகை விடாத கொலைகாரன் அவன் என்பது பின்னால்தான் விளங்கும். டைட்டிலிலேயே துப்பு கொடுத்தாயிற்று. மாணவர் படத்தில் கத்தரிக்கோல் எதற்காகக் கத்தரிக்கிறது என்று கேட்டால் பதில் வராது. டைட்டிலுக்கு ஆகும் நேரமும் சும்மா இல்லை. பத்துப் பெயர்கள், பெயருக்கு மூன்று விநாடி என்றால் முப்பது விநாடி, அதாவது படத்தில் கால் பங்கு. எழுத்து தோன்றிய இடத்துக்குக் கண் போயே தீரும். இடது ஓரத்தில் எடிட்டர் பெயரைப் போட்டுவிட்டு, வலது ஓரத்து ஜன்னலில் ஏதோ ஒன்று நகர்ந்தால் அந்தக் கால் பங்கும் கதைக்கு உழைக்கும். பெரும்பாலான படங்களில் கதை நின்று, பெயர் வந்து, பிறகு கதை தொடர்கிறது.

இந்தப் பணியின் ஆகச் சிறந்த பகுதி மதிப்பெண்ணே இல்லாத ஒரு முன்பயிற்சி. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ஓரிரண்டு வரி பேச வேண்டும். மூன்று விஷயங்கள் அதில் தெரிய வேண்டும்: அசைவின் நடுவே வெட்டி அடுத்த ஷாட்டில் அதே அசைவைத் தொடர்வது, எதிரெதிர் ஷாட்டுகளை மாற்றி மாற்றிப் போடுவது, இருவருக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டை, அதாவது 180 டிகிரி கோட்டை, கேமரா தாண்டாமல் இருப்பது. மாணவர்கள் இதைக் கடமைக்கு எடுத்துத் தள்ளிவிட்டு, காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். திகில் படத்தின் மொத்தத் தொழிலும் இந்தச் சலிப்பூட்டும் பயிற்சியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஆள் எங்கே, கதவு எங்கே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்வையாளருக்குத் துல்லியமாகத் தெரிந்தால்தான் பயம் வரும். தெரியாவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

‘ஹாலோவீன்’ தொடக்கத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரே ஷாட்போலத் தோன்றும் சுமார் நான்கு நிமிடம், முழுக்க ஒருவரின் பார்வையில். தெருவுக்கு எதிரே நின்று வீட்டைப் பார்க்கிறோம். பக்கவாட்டில் போகிறோம், ஜன்னல் வழியே சோபாவில் ஓர் இளம் ஜோடி. அவர்கள் மாடிக்குப் போகிறார்கள். நாம் முன்பக்கம் வந்து அண்ணாந்து பார்க்கிறோம், மாடி விளக்கு அணைகிறது. கொல்லைப்புறமாக அடுக்களைக்குள் நுழைகிறோம், இழுப்பறையிலிருந்து கத்தியை ஒரு கை எடுக்கிறது. பையன் இறங்கி வந்து கிளம்பிப் போகும்வரை ஒதுங்கி நிற்கிறோம். பிறகுதான் படியேறுகிறோம். மாடியில் கோமாளி முகமூடி போட்டதும் திரை இரண்டு கண் ஓட்டைகளாகச் சுருங்குகிறது. கொலை நடந்து, வெளியே வந்து, முகமூடி கழற்றப்பட்டால் நிற்பது ஆறு வயதுச் சிறுவன்.

கொலைகாரன் யார் என்பது கடைசி நொடி வரை மறைக்கப்பட்டது. வீட்டின் அமைப்பில் ஓர் அங்குலமும் மறைக்கப்படவில்லை. இருட்டில் யாரென்று காட்டாதே, எங்கேயென்று காட்டு என்பதுதான் கார்பென்டரின் கணக்கு. மாணவர் படங்களில் இது தலைகீழ். ஹூடிக்காரன் யார் என்பது மூன்றாவது ஷாட்டில் தெரிந்துவிடும். அவன் அவளுக்கு முன்னால் இருக்கிறானா பின்னால் இருக்கிறானா என்பது கடைசிவரை தெரியாது. நடைமுறைச் சாமர்த்தியமும் அந்தக் காட்சியில் உண்டு. சிறுவனாக நடித்தவன் குறைந்த நேரமே கிடைத்ததால், கத்தி எடுக்கும் அந்தக் கை தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லுடையது. நாலு பேர் குழுவுக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது.

இதையே வெட்டுகளால் செய்த படமும் ஒன்று உண்டு, அதுவும் பிரிட்டனில். நிகோலஸ் ரோக் எடுத்த ‘டோன்ட் லுக் நவ்’ (1973). பட்டப்பகல், ஒரு நாட்டுப்புற வீடு. சிவப்பு மழைக்கோட்டுச் சிறுமி குளத்தோரம் விளையாடுகிறாள். அப்பாவும் அம்மாவும் உள்ளே. கொலைகாரன் இல்லை, கத்தி இல்லை, ஓட்டம் இல்லை. சிறுமி வாயில் கை வைக்கிறாள். வெட்டினால் அம்மா வாயில் கை வைக்கிறாள். வெளியே பந்து பறக்கிறது. உள்ளே சிகரெட் பெட்டி பறக்கிறது. அண்ணனின் சைக்கிள் சக்கரத்தில் கண்ணாடி நொறுங்குகிறது. உள்ளே அப்பா நிமிர்கிறார். பார்த்துக்கொண்டிருந்த ஸ்லைடின் மேல் தண்ணீர் கொட்ட, அதிலிருக்கும் சிவப்பு பரவத் தொடங்குகிறது. அசைவின் நடுவே வெட்டி அசைவைத் தொடர்வது என்ற அதே பயிற்சிப் பாடம்தான், ஒரே ஒரு மாற்றம்: ஒரே ஆளின் அசைவைத் தொடராமல், வேறு இடத்தில் இருக்கும் வேறு ஆளின் அசைவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அவ்வளவுதான். குளத்துக்கும் அறைக்கும் நடுவே ஏதோ கம்பி ஓடுவதுபோல ஆகிவிடுகிறது. அப்பா எழுந்து ஓடும்போது, சிறுமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்துவிடுகிறது. ஒரு வீடு, ஒரு தோட்டம், ஒரு கலர் கோட்டு. இதைப் பள்ளி மாணவர் எடுக்க முடியாது என்று யார் சொன்னது?

இருட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவான கேமரா இருட்டில் புள்ளி புள்ளியாகப் பொரியும். அதற்குப் பயந்து பகலில் எடுத்து, எடிட்டிங்கில் நீலம் பூசினால் இரவாகாது, நீலப் பகல்தான் ஆகும். ஜனவரியில் பிரிட்டனில் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் இயற்கையே இலவசமாகத் தருகிற வெளிச்சம். அதைப் பிடித்துக்கொண்ட படங்கள் பார்த்தவுடனே தெரிகின்றன.

ஒலியில்தான் கட்டுப்பாடு நல்ல பலன் தந்தது. ‘சைக்கோ’ படத்துக்கு ஹெர்மன் அமைத்த வயலின் இசையைத் தூக்கிப் போட முடியாது என்றானபின் வழி இரண்டே. ஒன்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘ஊம்’ என்ற ரீங்காரம். ஒன்றைக் கேட்டால் எல்லாவற்றையும் கேட்ட மாதிரி. மற்றது, தானே செய்வது. கார்பென்டர் ‘ஹாலோவீன்’ இசையைத் தானே பியானோவில் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அடித்தார். நாலுக்குப் பழகிய காது அதில் கால் இடறிக்கொண்டே இருக்கும். எந்தப் பள்ளியிலும் ஒரு கீபோர்டு இருக்கும். கேமராவிலேயே உள்ள மைக் பிப்ரவரிக் காற்றை மட்டும்தான் பிடிக்கும் என்று கண்டுகொண்ட குழுக்கள் சருகு மிதிபடும் சத்தம், பூட்டில் சாவி திரும்பும் சத்தம் எல்லாவற்றையும் வீட்டுக்குள் தனியே பதிவு செய்தன. அந்தப் படங்களில் கண்ணை மூடிக்கொண்டாலும் பயம் நிற்கிறது.

ஓடுகிற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. திரைப்பட ஆய்வாளர் கரோல் குளோவர் 1987-லேயே வெட்டுக்கொலைப் படங்களில் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் பெண்ணைப் பற்றி எழுதிவிட்டார்; இந்த வகுப்புகளில் அவர் பெயர் அடிபடாமல் இருக்காது. பாடத்தில் அதைப் படித்துவிட்டுப் படத்தில் அதே பெண்ணை முதல் நிமிடத்திலேயே விழவைக்கிறார்கள். கொலைகாரனைப் பெண்ணாக்கிவிட்டால் மரபை மீறியதாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. ஹூடிக்குள் இருப்பவரை மாற்றினால் ஷாட் மாறிவிடுமா?

மரபை மீறுவது என்ற பேச்சே எழுந்தது ஓசிஆரின் மதிப்பீட்டுப் பகுதியால். நூறு மதிப்பெண்ணில் படத்துக்கு 60, ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுதும் மதிப்பீட்டுக்கு 20. செய்ததற்குக் காரணம் சொல்ல வைப்பது நல்ல பழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கேள்வியே நிஜப் படங்களின் மரபுகளை எப்படிப் பயன்படுத்தினீர்கள், வளர்த்தீர்கள், மீறினீர்கள் என்று கேட்டபோது, மரபுப் பட்டியலை டிக் அடித்துக்கொண்டே படம் எடுப்பது இயல்பாகிவிட்டது. விபத்துகளுக்கும் விளக்கம் பிறந்தது: ஃபோகஸ் போன ஷாட் கதாநாயகியின் கலங்கிய மனம், கோணலாக நின்ற ட்ரைபாட் சமநிலை குலைந்த உலகம். ஏழாவது கேள்வி மட்டும், முன்பயிற்சியிலிருந்து முழுப் படம் வரை என்ன கற்றீர்கள் என்றது. வந்த பதில் பெரும்பாலும் ஜூம் பழகினோம், எடிட்டிங் மென்பொருள் பழகினோம் என்ற அளவில் நின்றது. கற்றதைப் படத்தில் போட்டிருந்தால்தானே எழுத முடியும்.

2017-இல் புதிய பாடத்திட்டம் வந்ததும் ஜி321 வழக்கொழிந்தது. பணி மோசம் என்று நான் கருதவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பதினேழு வயதுக்காரரை ஷாட், ஒலி, எழுத்து, வெட்டு நான்கையும் யோசிக்க வைத்த பாடத்திட்டங்கள் அதிகமில்லை. மதிப்பெண் பங்கீட்டில்தான் எனக்கு வழக்கு. அறுபதில் இருபதைக் கழித்து முன்பயிற்சிக்குக் கொடுத்து, உள்ளே வருபவர் யாரென்று கடைசி ஷாட் வரை காட்டக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். காட்டுக்குப் போகாமலே திகில் படம் வந்திருக்கும்.