பெத்லகேமுக்கு வந்த மாரடோனா

கிறிஸ்துமஸ் குடில்மேல் பிரியம் உள்ளவர்கள் ஒருமுறையாவது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்குப் போய்வர வேண்டும். அங்கே பழைய ஊருக்கு நடுவில் சான் கிரகோரியோ அர்மேனோ என்றொரு சந்து. இருபுறமும் சுரூபப் பட்டறைகள். கோடை வெயிலிலும் குடில் வியாபாரம்தான்! எனக்கு அந்தச் சந்தைவிட்டு வர மனமே இல்லை.

மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள் எல்லாரும் உண்டு. அவர்களுக்குப் பக்கத்திலேயே நீல ஜெர்சியில் மாரடோனா! சிரிப்பு நடிகர் தோத்தோ, பாடகர் பினோ தனியேலே, அரசியல்வாதிகள்... 2020இல் முகக்கவசம் போட்ட பொம்மைகளும் கடைக்கு வந்தன.

சிலருக்கு இது கேலிக்கூத்தாகப் படலாம். எனக்கோ இதுதான் குடிலின் உயிர். 1223இல் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். நற்செய்தியின் பிறப்புக் கதையில் அந்த இரண்டும் கிடையாது. ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயுவும் எழுதவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ்காரர்கள் மீன்காரர், ஒயின் விற்பவர், சத்திரக்காரர் என்று தங்கள் சந்தையையே பெத்லகேமுக்குள் குடியேற்றிவிட்டார்கள். சான் மார்த்தினோ அருங்காட்சியகத்தில் இருக்கும் குச்சினியெல்லோ குடிலைப் பாருங்கள்: சுடுமண் தலை, கண்ணாடிக் கண், கம்பியில் சணல் நார் சுற்றிய உடம்பு, அதன்மேல் பட்டுச் சட்டை. அடடா, என்ன வேலைப்பாடு! மாரடோனா அந்தக் கூட்டத்தின் கடைசி விருந்தாளி, அவ்வளவுதான்.

ஒரு பட்டறையில் கைவிரல் அளவு களிமண்ணில் கலைஞர் ஒருவர் மூக்கைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் தலைகள் மட்டும் காய்ந்தன. வண்ணம் ஏறும்வரை அதில் ராஜா யார், பந்து வீரர் யார் என்று சொல்லவே முடியாது!

என் செல்லம் பெனினோ. குடில் மலையின் உச்சியில் தூங்கும் இடையச் சிறுவன். கீழே தெரிவதெல்லாம் அவன் காணும் கனவாம். எழுப்பினால் குடிலே மறைந்துவிடுமாம். கனவுக்குள் யார்தான் வரக்கூடாது?

அவனையும் வாங்கினேன், மாரடோனாவையும் வாங்கினேன். இருவரும் இப்போது எங்கள் வீட்டுக் குடிலில். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். பாலன் இயேசுவை மட்டும் 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வைக்க வேண்டும். நேப்பிள்ஸ் வழக்கம் அதில் படு கறார், நானும்தான்!