கிழிந்த ஜவ்வோடு இன்னும் எத்தனை ஆட்டம்?

தென்காசி வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் மின்னொளி கபடியும் உண்டு. பாடிப் போகும் ரெய்டர் காலை ஊன்றிச் சட்டென்று திரும்புகிறார். அதே நொடியில் கார்னர் வீரர் கணுக்காலைப் பிடிக்கிறார். பாதம் தரையில் நிற்க, உடல் மட்டும் திரும்புகிறது. முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், ஏ.சி.எல். எனப்படும் நடு ஜவ்வு அறுந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து நீவி அருவியில் நின்றால் தசைப்பிடிப்பு இளகும். அறுந்த ஜவ்வு சேராது. சில வாரங்களில் வீக்கம் வடிந்ததும், குணமாகிவிட்டது என்று நம்பி வீரர் அடுத்த கொடைக்கு இறங்கிவிடுகிறார். அதன்பின் திரும்பும்போதெல்லாம் முட்டி நழுவுகிறது. அந்த நழுவலில்தான் முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் கிழிகிறது, குருத்தெலும்பு தேய்கிறது.

பழைய காயத்துக்கும் அறுவை சிகிச்சை பலன் தரும். அறுந்த நுனிகளைத் தைப்பதற்குப் பதில், பெரும்பாலும் தொடையின் பின்புறத் தசைநாரை எடுத்து, ஆர்த்ரோஸ்கோப்பி எனும் நுண்துளை முறையில் முட்டியின் மேல், கீழ் எலும்புகளில் துளையிட்டுப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். நழுவல் நிற்கும்; தேய்ந்த குருத்தெலும்பு மட்டும் பழையபடி வளராது. தாமதத்துக்குக் கொடுக்கும் விலை அதுதான். நழுவலே இல்லாதவருக்கு, திருப்பம் நிறைந்த ஆட்டத்தையும் விட்டவருக்கு, உடற்பயிற்சியே போதுமானதாக இருக்கலாம். கபடி வீரருக்கு அது அரிது.

சிகிச்சை முடிந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். புது ஜவ்வு எலும்போடு பிடித்து உரமேற மாதக்கணக்காகும். 2016இல் வெளியான நார்வே ஆய்வில், 9 மாதம் வரை களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வலி இல்லை என்பது ஆடுவதற்கான அனுமதி ஆகாது. அடிபட்ட காலின் தொடைத்தசை மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

2022 அக்டோபரில் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணிக்கு ஆடிய முதல் போட்டியிலேயே ரெய்டர் பவன் செராவத் முழங்காலில் அடிபட்டார். 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த வீரரை மீதி சீசன் முழுக்க அணி உட்கார வைத்தது. மறு ஆண்டு ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது.

ஊர் அணிகளும் அதே பொறுமையைக் காட்ட வேண்டும். முட்டி நழுவுகிற தம்பியைக் களத்தில் இறக்காதீர்கள். எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 9 மாதம் கழித்து அவர் வரும்வரை அணியில் அவர் இடத்தைக் காத்து வையுங்கள்.